இழுக்கிற இழைப்புளி

தச்சர் தன் முதல் ஜப்பான் இழைப்புளியைத் தேர்ந்தெடுக்க மனைவியோடு கடைக்குப் போனார். அங்கே இருந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பலகையில் வைத்து, கைப்பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னே தள்ளினார். ஒன்றுகூடத் துரும்பளவும் சீவவில்லை.

“மூணும் மொண்ணை. பேருதான் பெரிசு!” என்று எரிந்து விழுந்தார்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்ற மனைவி, அவரைத் தோளால் ஒதுக்கிவிட்டு நடுவில் இருந்ததைப் பிடித்தாள். இத்தனை வருடமாக அவர் தள்ளுவதைப் பார்த்தே அலுத்தவள், ஒரு மாறுதலுக்குத் தன் பக்கம் இழுத்தாள். வெங்காயத் தோல்போல ஒரு சுருள் எழும்பி வந்தது.

கடைக்காரர் சிரித்தார். “இதை இழுக்கத்தாங்க செய்யணும்.”

தச்சர் அந்தச் சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. “இதையே கட்டிக் குடுங்க.”

“சரி, எனக்கு ஆச்சு,” என்றாள் மனைவி. “நீங்க எதை எடுக்கப்போறீங்க?”