ஐம்பது அடிக்கும் அசையாத இடம்

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுங்க. ஆனா இப்பக் கேக்க மாட்டேன்.”

“பின்ன எப்பங்க?”

“சொந்தமா ஒரு வூட்டுக்கு அஸ்திவாரம் போட்ட பெறகு.”

காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டில் வீரமணி இப்படிச் சொல்லி ஆறு வருடம் ஆகிறது. அவன் என்ன கேட்கப் போகிறான் என்பது பிரியதர்ஷினிக்கு அன்றே தெரியும். பதிலும் அன்றே தயார். இதற்குள் வந்த நான்கு வரன்களை ஏதேதோ சொல்லித் தட்டிக் கழித்தாயிற்று. இனிச் சொல்லக் காரணம் பாக்கியில்லை.

ஒருவழியாகப் பாப்பாரப்பட்டிக்கு வெளியே, மூடிக் கிடந்த ஜவ்வரிசி ஆலையின் இடத்தை அவன் வாங்கினான். மண் பரிசோதனைப் பொறியாளர் அவள்தான் என்பதால் வேலை அவளிடமே வந்தது.

சாலையைப் பார்த்த வடகிழக்கு மூலையில் அவன் ஆசை ஆசையாக வீட்டுக்கு முளைக்குச்சி அடித்திருந்தான். மேலே சரளையும் கல்லுமாகக் கெட்டியாகத்தான் தெரிந்தது. துளை போடும் சென்னப்பன் ஆளுயரத்துக்கு மேலான இரும்பு முக்காலியை நிறுத்தி, கயிற்றில் இரும்புக் குண்டைத் தூக்கித் தூக்கிக் குழாயின் தலையில் போட்டார். குழாய் ஒரு முழம் இறங்க எத்தனை அடி வாங்குகிறதோ, அதுதான் மண்ணின் பலம்.

சரளை தாண்டியதும் குண்டின் இரண்டே அடியில் குழாய் ஒரு முழம் உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தால் கறுப்புச் சேறு. புளித்த மரவள்ளி நாற்றம்.

பிரியதர்ஷினிக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் ஈசானிய மூலையில் இருக்கட்டும் என்று வாஸ்து பார்த்த ஆலைக்காரர், கழிவுநீர்க் குழியையும் அங்கேயே வெட்டியிருக்கிறார். அப்புறம் மரவள்ளிச் சக்கையான திப்பியைக் கொட்டி, சரளை பரப்பி மூடிவிட்டார்.

கொஞ்சம் கல்லைப் போட்டுக் கெட்டிப்படுத்தினால் ஆகாதா என்று இழுத்தான் வீரமணி.

“இங்க கட்டுனா வூடு ஒரு பக்கமா உக்காந்துருங்க. பொய் எழுதித் தர மாட்டேன்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஐந்தாவது வரனுக்கு என்ன சொல்வது?

கண் எதிர்ப்பக்கம் போனது. கன்னி மூலையில் ஜவ்வரிசி காயவைத்த சிமெண்ட் களம். உடைக்கும் பாட்டுக்குப் பயந்து வீரமணி அதைத் திரும்பியே பார்க்கவில்லை. அத்தனை வருடம் லாரி ஏறி இறங்கியும் களத்தில் ஒரு விரிசல் இல்லை. முக்காலியை அங்கே தூக்கச் சொன்னாள்.

களத்தை ஒரு முழ ஆழம் துளைத்துக் குழாயை இறக்கி, அதன் தலையில் குண்டைப் போட்டார்கள். சென்னப்பன் எண்ணினார். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது. குழாய் விரற்கடைகூட நகரவில்லை. களத்தின் நான்கு மூலையிலும் அதே கதை.

“பாறைங்கம்மா. யானையக் கொண்டாந்து கட்டலாம்,” என்றார் சென்னப்பன்.

வீரமணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனாலும் பழைய பாட்டையே எடுத்தான். இனி பிளானை மாற்றி வரைய வேண்டும், மறுபடி அனுமதி வாங்க வேண்டும், அப்புறம்தானே அஸ்திவாரம்...

“அம்பது அடி வாங்கியும் அசையல. இதுக்கு மேல என்னங்க அஸ்திவாரம்? கேக்கறதக் கேளுங்க.”

சென்னப்பன் அவசரமாகக் குழாய் கழுவப் போனார். வீரமணி சேறு படிந்த கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான்.

“என்னையக் கட்டிக்கிறீங்களா?”