அண்ணன் வந்து தின்ன வேண்டும்

மூன்றாவது கேரட் துண்டும் கூண்டுக்குள்ளிருந்து பறந்து வந்து தராசக்காவின் கன்னத்தில் பட்டுத் தரையில் விழுந்தது. அவளுக்குக் கிளிமேல் கோபம் வரவில்லை. அண்ணன்மேல் வந்தது. நன்றாகவே வந்தது.

பார்சல் ஆபீஸில் எடை போடுகிற வேலை அவளுக்கு. பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவாள் என்பதால் அங்கே வைத்த பெயர்தான் தராசக்கா. இரண்டு மாதத்துக்கு முன்னால் அண்ணன் தன் சாம்பல் கிளியைக் கொண்டுவந்து கொடுத்தபோது, கையில் வாங்கியதுமே, "என்னண்ணா, இந்தக் கனம் கனக்குது?" என்றாள். "நல்லா வளர்த்திருக்கேன்ல," என்று அவன் பெருமையாகச் சிரித்தான். புது வீட்டில் அண்ணிக்கு இறகுத் தூசியால் தும்மல் நிற்கவே இல்லையாம். கூண்டை வைத்தான், ஒரு மூட்டை சூரியகாந்தி விதையை வைத்தான், உட்காரக்கூட இல்லாமல் ஓடினான். அதோடு சரி. அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

அந்தக் கனம் உறுத்தவே, மறுநாளே கிளியைப் பறவை டாக்டரம்மாவிடம் தூக்கிப் போனாள்; அவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "பன்னண்டு வருஷமா வெறும் விதைதானா? ஈரல் பூரா கொழுப்பு. விதையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு காய், கீரை, வேக வெச்ச பயறுன்னு மாத்துங்க. ஆனா ஒண்ணு, இதுங்களுக்குப் பழகாததைச் சாப்பாடுன்னே தெரியாது. தட்டு நிறைய இருந்தாலும் பட்டினி கிடந்து செத்துடும். தினமும் எடை பாருங்க. நானூத்தி அம்பது கிராமுக்குக் கீழ போனா தூக்கிட்டு ஓடி வாங்க."

விதை போட்டால் ஈரல் போகும், விதையை நிறுத்தினால் உயிரே போகும். நல்ல வளர்ப்பு. தராசக்கா விடியற்காலையில் எழுந்து காய் நறுக்கினாள், உப்பில்லாமல் பயறு வேகவைத்தாள், கீரையைப் பொடிப் பொடியாக அரிந்தாள். கிளி ஒவ்வொன்றாக எடுத்து வீசியது. ஐநூறில் தொடங்கிய எடை இன்று காலை நானூற்று ஐம்பத்துமூன்று.

"நீங்க அது எதிர்ல உட்கார்ந்து சாப்பிடுங்க. தன் கூட்டத்துல ஒருத்தர் தின்னாத்தான் அதுவும் தின்னும்," என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதையும் செய்தாயிற்று. பத்து நாளாகப் பச்சை பீன்ஸைக் கடித்து, பாயசம் குடிப்பவள்போல் சப்புக்கொட்டினாள். கிளி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. போனில் புலம்பியபோது டாக்டரம்மா கேட்டார், "அது உங்களைத் தன் ஆளா நினைக்கலைங்க. யாரை நினைக்குது?"

யாரை நினைக்கும்? ஓடிப்போன மகராசனைத்தான்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். எப்போது போன் போட்டாலும் கிளாஸில் இருப்பான். அன்று மதியம் தராசக்கா நேரே அங்கே போனாள். ஒரு பெரியவர் வியர்த்து விறுவிறுத்து ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். கார் நின்றதும் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"சாயங்காலம் வீட்டுக்கு வா. வந்து காய் சாப்பிடு."

"காயா? எனக்கு காய்னாலே ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"உன் கிளிக்கும் ஆகலை. அதனாலதான் சாகக் கிடக்குது."

பெரியவர் வண்டியை ஆஃப் செய்துவிட்டார். அண்ணன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். "நான் வந்தா அதுக்கு ஏக்கம் ஜாஸ்தியாயிடும்மா."

"ஏக்கப்படறதுக்கு உயிர் இருக்கணும்ல. நீ வர்றேன்னு சொல்ற வரைக்கும் நான் இறங்க மாட்டேன். சார், நீங்க ஓட்டுங்க."

மாலையில் வந்தான். அவனைப் பார்த்ததும் கிளி கம்பியைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கிக் கத்தியது. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. தராசக்கா தட்டை எடுத்து வருவதற்குள் அவன் கை பேண்ட் பாக்கெட்டுக்குள் போயிருந்தது.

"கையில என்ன?"

"நாலே நாலு விதைம்மா. எலும்பா இருக்குது, பாவம்."

அவன் மணிக்கட்டைப் பிடித்து விதையைக் குப்பைக்கூடையில் உதற வைத்தாள். இரண்டு மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. "பாவமா? பன்னண்டு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், இதுக்கு ஒரு வெள்ளரிக்காய் நறுக்கினியா? விதைன்னா கொட்டிட்டுப் போயிடலாம். உன் சோம்பேறித்தனத்துக்குப் பாசம்னு பேர் வெச்சுக்கிட்டே. அதுவும் நம்பிடுச்சு. உட்காரு. தின்னு."

அண்ணன் தட்டின் முன்னால் உட்கார்ந்தான். தராசக்கா கூண்டுக் கதவைத் திறந்தாள். கிளி அவன் தோளில் ஏறிக்கொண்டது. அவன் ஒரு கேரட் துண்டை வாயில் போட்டு, வேப்பெண்ணெய் குடிக்கிற பிள்ளைபோல் மென்றான். கிளி அவன் வாயையே பார்த்தது. இரண்டாவது துண்டு உதட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தபோது மெல்லக் குனிந்து அதைப் பிடுங்கியது. காலில் பிடித்து, திருப்பிப் பார்த்து, கடித்து, விழுங்கியது. இன்னொன்று கேட்டது.

"பாத்தியா, நான் குடுத்தா சாப்பிடுது," என்றான் அண்ணன், முகமெல்லாம் பல்லாக.

தராசக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே நொடியில் தட்டை அவன் தலையில் கவிழ்க்கலாம் போலவும் இருந்தது. அறுபது விடியற்காலை இவள் நறுக்கியது, இவன் வாயில் வைத்ததும் சாப்பாடாகிவிட்டது. பலகையையும் கத்தியையும் மீதிக் காயையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் கோணல்மாணலாக நறுக்கத் தொடங்கினான். கிளி பயறையும் கொத்தியது.

பாதியில் கத்தி நின்றது. "இப்படிப் பழக்கிவிட்டுட்டு, ஒரு நாள் நான் வர முடியாமப் போச்சுன்னா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அன்னிக்கு இது பட்டினி கிடக்கும்," என்றாள் தராசக்கா. "இத்தனை நாளும் கிடந்துச்சு, உனக்குத் தெரியாது. இனிமே தெரியும்."