நீலம் தீர்ந்த இடம்

செஞ்சி தாலுகாவில் தம் கையெழுத்து இல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நகராது என்று ஓவர்சியர் துரைக்கண்ணு சொன்னது உண்மைதான். 1961-இல் அவர் மலையாற்றுக்கு வரைபடம் போட்டார். அடிவாரத்திலிருந்து நீலக் கோடு இழுத்து ஊர்த்தெருவைத் தாண்டினார். காலனி தொடங்கும் இடத்தில் மை தீர்ந்தது. காலனிக்காகப் புதுப் புட்டி திறக்கச் சோம்பல். மறுநாள் புதுப் புட்டியைத் திறந்து, தம் வீட்டுக் கொல்லையிலிருந்து தொடங்கி, வாய்க்கால்வரை முடித்து, முத்திரை வைத்தார். அந்த வாரமே ஆறு காலனி முனையில் பூமிக்குள் இறங்கி, முக்கால் மைல் தள்ளி அவர் கொல்லையில் வெளியே வந்தது. அமாவாசைக்கு மேல்மலையனூர் பஸ்ஸில் போனவர்கள், அரசாங்க உத்தரவென்றால் ஆறுதான் என்ன செய்யும் என்று சொல்லிவிட்டு டிக்கெட் வாங்கினார்கள்.

காலனியில் படுத்தால் முதுகுக்கடியில் ஆறு ஓடும் சத்தம் கேட்டது. தோண்டினால், வரைபடத்தில் இல்லாத தண்ணீரைத் தோண்டுவது குற்றம் என்று ஓவர்சியரிடமிருந்து ஆள் வந்தது. ஊர்த்தெருவில் அவர்களை மொள்ள விடவில்லை. அதற்கு வரைபடம் தேவைப்படவில்லை. இரண்டு மைல் நடந்து ஏரிச் சேற்றைத் துணியில் வடிகட்டினார்கள். காலனி மீனம்பாள் ஐந்து வருஷம் துரைக்கண்ணுவிடம் மனு கொடுத்தாள்.

“மீதிக் கோட்ட இழுத்துடுங்க சாமி. ஒரு சாண்தான் இருக்குது.”

“ஆறுன்னா இன்னா, உன் வீட்டுத் துணிக்கொடியா இழுக்கறதுக்கு? மெட்ராசுக்கு எழுதணும்.”

1966 சித்திரையில் மீனம்பாளின் மகளுக்கு ஏரி வழியில், குடத்தோடு, பிரசவம் ஆனது. பிள்ளையைக் கழுவத் தண்ணீர் இல்லை. பிள்ளையும் தங்கவில்லை. புதைத்துவிட்டு வந்த மீனம்பாள், துணிக்குப் போடும் நீலம் நாலு பொட்டலம் வாங்கிக் கரைத்து, காலனி முனையிலிருந்து தரையில் கோடு போட்டாள். துரைக்கண்ணு சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்.

“வேட்டி வெளுக்கற நீலத்துல ஆறு வருமா? அப்படியே கடலையும் வரைஞ்சிடு, மீனு புடிக்கலாம்.”

நீலம் காலனியின் வறண்ட குட்டையோடு தீர்ந்தது. விடிந்தபோது ஆறு மேலே வந்து, அவள் கோடு கோணிய இடத்திலெல்லாம் வளைந்து, குட்டையில் போய் நின்றது. அதற்கப்பால் கோடு இல்லை. ஓவர்சியர் கொல்லை காய்ந்தது. அவர் மெட்ராசுக்கு எழுதினார். வரைபடப்படி தங்கள் கொல்லையில் ஆறு ஓடுகிறது, புகார் ஆதாரமற்றது என்று பதில் வந்தது.

கொல்லை காய்ந்த பதினாறாம் நாள் நடுப்பகலில் துரைக்கண்ணு குட்டை ஓரம் குந்தி, நீலப் பொட்டலத்தைப் பிரித்தார். மீனம்பாள் இடுப்புக் குடத்தோடு நின்றாள்.

“பாத்துப் போடுங்க சார். நடுவுல தீந்துடப் போவுது.”

அவர் குட்டைத் தண்ணீரை மொண்டு நீலத்தைக் கரைத்தார். வேட்டியை மடித்துக் கட்டி, வீட்டுப் பக்கமாகப் பின்னால் நகர்ந்து நகர்ந்து கோடு போட்டார். கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்த தண்ணீர் அவர் கால்விரலை நனைத்தது.