சேர்த்துப் போட்ட தையல்

வெள்ளிக்கிழமை வரை புதுப் பள்ளியில் எவளோடும் பேசுவதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். பின்னே? என்னைக் கேட்டா வீடு மாற்றினார்கள்? அப்பாவுக்கு இங்கே தையல் கடை வைக்க இடம் கிடைத்ததாம், உடனே மூட்டை முடிச்சோடு கிளம்பியாயிற்று. பத்தாம் வகுப்பில், வருஷத்தின் நடுவில், என் சிநேகிதிகளையெல்லாம் விட்டுவிட்டு! நான் போட்ட கூச்சலில் அப்பா இறங்கி வந்தார்.

"ஒரு வாரம் போய்ப் பாரும்மா. பிடிக்கலன்னா வெள்ளிக்கிழமை சொல்லு. சித்தி வீட்ல விட்டுடறேன், பழைய ஸ்கூலுக்கே போ."

போதாதா எனக்கு? திங்கட்கிழமையே முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு போனேன். பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு ஒட்டடைக்குச்சி. அப்படி ஒரு உயரம். "எந்த ஸ்கூல்லேர்ந்து வர்றே?" என்று கேட்டாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். பின்பெஞ்சில் ஒருத்தி, ஓயாமல் பேசுவதால் வகுப்பே ரேடியோ என்று கூப்பிடுகிறவள், "ரொம்பத்தான் கிராக்கி பண்றாடி" என்றாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆனாலும் சபதம் சபதம்தான். மதியம் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால், அழுகையாக வந்தது.

வெள்ளிக்கிழமையும் வந்தது. கணக்கு வகுப்புக்குச் சற்று முன்னால் 'டர்ர்' என்று ஒரு சத்தம். பெஞ்சில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி ஒட்டடைக்குச்சியின் ஸ்கர்ட்டைப் பக்கவாட்டில் கிழித்துவிட்டது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. போர்டு எட்டுகிறது என்று கணக்கு டீச்சர் தினமும் அவளைத்தான் கூப்பிடுவார்.

நான் தையல்காரர் வீட்டுப் பெண். கிழிசலைப் பார்த்துக்கொண்டு என் கை சும்மா இருக்காது. நூல் கோத்த ஊசி ஒன்று எப்போதும் என் காலருக்கு அடியில் இருக்கும்.

"அழாதே, எரிச்சலா வருது. ஒட்டி உட்காரு, ஆடாதே" என்றேன்.

"அடிப்பாவி, உனக்குப் பேச வருமா?"

"வாயை மூடு. குத்திடப் போகுது."

அதற்குள் டீச்சர் வந்துவிட்டார். குனியவும் முடியாது. பெஞ்சுக்கு அடியில் கை போன போக்கில் தைத்தேன். இரட்டை நூல், நெருக்கமான தையல், கடைசியில் இரண்டு முடிச்சு. சும்மா சொல்லக் கூடாது, கச்சிதம்.

"நெட்டை, போர்டுக்கு வா" என்றார் டீச்சர்.

அவள் எழுந்தாள். நானும் எழுந்தேன். எழாமல்? இருவருக்கும் ஒரே நிறத் துணி. அவள் கிழிசலோடு என் ஸ்கர்ட்டையும் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறேன்! எங்கப்பா கற்றுக்கொடுத்த தையல், இழுத்தால் பிரியுமா? அவள் நடந்தாள், நான் பின்னாலேயே தத்தித் தத்திப் போனேன்.

"ஒருத்தியைத்தானே கூப்பிட்டேன்?"

"துணைக்கு வந்தேன், டீச்சர்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் கீழே பார்த்தார், சட்டென்று போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

மணி அடித்ததும் ரேடியோ ஓடி வந்தாள். "ஆபீஸ்ல கத்தரி இருக்கு. சாப்பிட்டுட்டுப் போய் வாங்கிட்டு வர்றேன். இப்ப எங்க ஓடிடப் போறீங்க?"

வேறு வழி? மூன்று பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். அப்பாவின் தையல் கடையைப் பற்றியும் சொல்லிவிட்டேன். நான் தண்ணீருக்குக் கை நீட்டினால் ஒட்டடைக்குச்சி சாய்ந்தாள். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது. கத்தரி வந்தபோது, இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கக் கூடாதா என்றிருந்தது.

"நாளைக்குக் காலைல நாங்க ரெண்டு பேரும் உங்க கடைக்கு வர்றோம்" என்றாள் ஒட்டடைக்குச்சி. "இதை ஒழுங்கா தைச்சுக் கொடு. அப்புறம் எங்க தெருவையெல்லாம் சுத்திக் காட்டறோம்."

"சரி" என்றது என் வாய், என்னைக் கேட்காமலே.

சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் கடைக்குள் நுழைந்தால், வாசலருகே என் பெட்டி தயாராக இருந்தது.

"சித்திகிட்ட பேசிட்டேம்மா. காலைல முதல் பஸ்" என்றார் அப்பா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! "யாரைக் கேட்டுப் பேசினீங்க? நாளைக்கு என் ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்க. நான் எங்கேயும் போகல!"

மிஷின் நின்றது. அப்பா மடியிலிருந்த சட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"ஐயோ, அது கஸ்டமர் சட்டை!" என்று அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "பாருடி இந்த மனுஷனை. நீ போயிடுவேன்னு காலைலேர்ந்து அந்த ஒரு சட்டைக்குக் கையைத் தைக்கிறதும் பிரிக்கிறதுமா இருக்காரு."

இது எனக்குத் தெரியவே தெரியாது. போய் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன்.

"எத்தனை பேரும்மா வர்றாங்க?" என்றார் அப்பா.

"ரெண்டு பேர்."

அப்பா கடையைச் சுற்றிப் பார்த்தார். "நம்மகிட்ட இருக்கிறதே ரெண்டு ஸ்டூல். பரவால்ல, ரெண்டையும் அவங்களுக்குப் போடு. நான் நின்னுகிட்டே தைக்கறேன்."