ஸ்வர்ணாவுக்கு ஓர் அர்ஜி

"சாம்பார் எப்பிடிக் கீது?" என்று கேட்டாள் ஸ்வர்ணா.

"சுமார்" என்றான் உத்தமன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாக ஜோகுபாளையத்து வீட்டில் அந்தச் சாம்பாருக்குக் கிடைத்துவரும் ஒரே மார்க் அதுதான். ஸ்வர்ணாவும் மேற்கொண்டு கேட்பதை எப்போதோ விட்டுவிட்டாள். அன்றைக்கு அவள் நினைப்பெல்லாம் வேறு எங்கோ இருந்தது.

பக்கத்துக் கன்னடப் பள்ளியில் ஒன்பது வருஷமாக அவள் தற்காலிக ஆயா. இப்போது ஓர் இடம் நிரந்தரமாகிறது. அதற்கான விண்ணப்பத்தை, அதாவது அர்ஜியை, கன்னடத்தில் எழுதித் தர வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசி நாள். கேஸ் சிலிண்டர் போடும் உத்தமன் வாயைத் திறந்தால் கன்னடமே தாய்மொழியான மண்டியாக்காரரே அசந்துபோகிற அளவுக்குக் கன்னடம் பேசுவான். எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. ஸ்வர்ணாவுக்கும் அதே கதைதான்.

"இன்னாத்துக்குக் கவலை? போன்ல ஆப் கீது. அதுக்குத் தெரியாதது இந்த உலகத்துலயே இல்ல" என்ற உத்தமன், கையைக் கழுவிக்கொண்டு வந்து போனிடம் தமிழில் உத்தரவு போட்டான். "என் பொண்டாட்டி ஸ்வர்ணாவுக்கு ஸ்கூல்ல ஆயா வேலை பர்மனென்ட் ஆவணும். கன்னடத்துல சூப்பரா ஒரு அர்ஜி எழுது."

இவ்வளவுதான் சொன்னான். கண்மூடித் திறப்பதற்குள் ஒரு பக்கம் நிறையக் கன்னடம் வந்து விழுந்தது. பார்க்கவே அவனுக்குப் பெருமையாக இருந்தது. அப்படியே ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தான். வியாழக்கிழமை காலையில் வேலைக்குப் போகும் முன் ஸ்வர்ணாவோடு பள்ளிக்கே கிளம்பிவிட்டான்.

தலைமையாசிரியை லீனா மேடம் படித்துக்கொண்டே வந்தார். பாதியில் கண்ணாடியைக் கழற்றினார். ஸ்வர்ணா பி.ஏ. பட்டதாரியா, குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்றவளா, எப்போது என்று கன்னடத்தில் கேட்டார். தான் படித்தது எட்டாவதுதான் என்றாள் ஸ்வர்ணா. கடைசி வரியை மேடமே உரக்கப் படித்துக் காட்டினார்: 'இதிலுள்ள விவரங்கள் மாதிரிக்காகத் தரப்பட்டவை. அனுப்பும் முன் சரிபார்த்துக்கொள்ளவும்.' அந்த வரியோடு சேர்த்துத்தான் உத்தமன் பிரிண்ட் எடுத்திருந்தான்.

பொய்யான அர்ஜி ஆளெடுக்கும் கமிட்டிக்குப் போனால் ஸ்வர்ணாவின் பெயரையே அடித்துவிடுவார்கள், நாளைக்குள் சரியானதைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி, மேடம் தாளைத் திருப்பித் தந்தார். ஒன்பது வருஷத்தில் ஸ்வர்ணா அந்த அறையிலிருந்து தலைகுனிந்து வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. அதைப் பார்த்த உத்தமன் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் திணித்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் போன்மேல் பாய்ந்தான். ஆப் தந்த பதிலுக்குக் கீழே இருந்த கட்டைவிரல் படங்களில் தலைகீழானதை அழுத்தினான். கருத்து கேட்டுத் திறந்த கட்டத்தில் 'வேஸ்ட்' என்று தட்டினான்.

ஸ்வர்ணா எட்டிப் பார்த்தாள். "எது வேஸ்ட்டுன்னு படிக்கறவங்களுக்கு எப்பிடிய்யா தெரியும்? எங்க ஸ்கூல்ல புதுசா ஒருத்தி கூட்ட வந்தா, 'சரியில்ல'ன்னு சொல்லிட்டா போதுமா? எந்த மூலைல குப்பை கீதுன்னு காட்டினாத்தானே அடுத்த வாட்டி கூட்டுவா? நான் எட்டாவதுன்னு நீ சொல்லவே இல்ல. அதுவா ஒரு பி.ஏ. குடுத்துச்சு. தப்பு அதும்மேலயும் கீது, உம்மேலயும் கீது."

உத்தமன் 'வேஸ்ட்'டை அழித்தான். 'படிப்பு என்னவென்று நான் சொல்லவில்லை. நீங்களாகப் போட்டுவிட்டீர்கள். தெரியாததை என்னிடம் கேட்டிருக்க வேண்டும்' என்று எழுதி அனுப்பினான். அதை யார் எப்போது படிப்பார்களோ, அவனுக்குத் தெரியாது.

பிறகு புதிதாகத் தொடங்கினார்கள். எட்டாம் வகுப்பு, ஒன்பது வருஷ வேலை, மூச்சிரைக்கும் பிள்ளைகள் யார் யார் என்று ஸ்வர்ணாவுக்கு மனப்பாடமாகத் தெரிவது, எல்லாவற்றையும் அவளே சொன்னாள். "சொல்லாததைச் சேக்காத, எங்களைக் கேளு" என்று உத்தமன் முடித்தான். வேலைக்குச் சேர்ந்தது எந்த ஆண்டு என்று செயலி கேட்டது. சொன்னார்கள்.

வந்ததை இந்த முறை படிக்கச் சொல்லிக் காதால் கேட்டார்கள். கண்ணுக்குப் புரியாத கன்னடம் காதுக்கு நன்றாகவே புரிந்தது.

"நிறுத்து, நிறுத்து! ஹத்து வர்ஷம்னுது. பத்து இல்ல, ஒம்பது!" என்று ஸ்வர்ணா கத்தினாள். அதையும் திருத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை லீனா மேடம் அதைப் படித்தார். மூச்சிரைக்கும் பிள்ளைகளைப் பற்றிய இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து ஸ்வர்ணாவைப் பார்த்துச் சிரித்தார். தன் கைப்பட சிபாரிசு ஒன்றும் எழுதிக் கமிட்டிக்கு அனுப்பினார். மறுமாதம் வேலை நிரந்தரமான உத்தரவு வந்தது.

அன்றைக்கும் சாம்பார்தான். "எப்பிடிக் கீது?" என்று ஸ்வர்ணா பழைய நினைப்பில் கேட்டுவிட்டாள்.

உத்தமன் ஒரு வாய் சாப்பிட்டு யோசித்தான். "பருப்பு நல்லா வெந்துகீது. உப்பும் கரெக்ட். புளி மட்டும் கொஞ்சம் தூக்கல், ஸ்வர்ணா."

அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். கண் கலங்கிச் சிரித்தாள். "மெஷினோ மனுசனோ, எல்லாம் அதுக்கே தெரியும்னு கண்ண மூடிக்கக் கூடாதுய்யா. வேணும்ங்கறதை வாயத் தொறந்து சொல்லணும், தப்பு வந்தா எங்கேன்னு காட்டணும். புளி தூக்கல்னு பதினெட்டு வருசம் முன்னாடியே சொல்லியிருந்தா, நீ நல்ல சாம்பாரா சாப்பிட்டிருப்பே இல்ல?"