சத்தம் போடாத கதவு

“கதவுக்கு எண்ணெய் விட்டது யாரு?”

டிரைவிங் அத்தை இதைக் கேட்டபோது நாங்கள் அவர் வீட்டிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, சாலையோரக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அப்பாவின் போனை எடுத்தது நான். எனக்குப் போனில் பேச வராது. ஸ்பீக்கரைப் போட்டு அப்பாவிடம் நீட்டினேன்.

அப்பாவுக்கு முகமெல்லாம் பல். “நாங்கதான்க்கா! சின்ன வேலைதான். இப்ப எப்படி, சத்தமே வரலையே?”

போனிலும் சத்தம் வரவில்லை. பிறகு அத்தை சொன்னார், “அண்ணனைக் காணோம் தம்பி.”

அப்பாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அதை எடுக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

அப்பா தையல் மெஷின் மெக்கானிக். அவர் வேலை பார்த்த கம்பெனியை இரண்டு மாதம் மூடியதும், ஒரு பழைய வேனை வாங்கிப் பின்சீட்டைக் கழற்றி மெத்தை போட்டார். நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்க் கடலைப் பார்ப்பது என்று முடிவு. வழியில் தங்குவதற்கு, பயணிகளைக் காசு வாங்காமல் வீட்டில் தங்கவைக்கும் ஆட்களின் பட்டியல் ஒன்று போனில் இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் வாசலில் நின்று “வாங்க வாங்க” என்பார்கள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். எழுந்து பதில் சொல்லச் சொன்னால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன்.

தங்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஒன்றைச் சரிசெய்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒழுகும் குழாய், ஆடும் நாற்காலி, எதுவானாலும் சரி. சொல்லக் கூடாது. “கேட்டுட்டுச் செஞ்சா ஐயோ வேண்டாம்னு சொல்லுவாங்க. நாம போன பிறகு பார்த்து அவங்களே சிரிச்சுக்கட்டும்” என்பார் அம்மா. வாயால் நன்றி சொல்ல வராத எனக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடித்திருந்தது.

அந்தப் பட்டியலில் கிடைத்தவர்தான் அத்தை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் என்பதால் எங்களுக்கு அவர் டிரைவிங் அத்தை. நாங்கள் போய் இறங்கியபோதே அப்பாவை ஒரு பிடி பிடித்தார். “தம்பி, இது வேனா, எருமையா? இப்படி இழுத்துக்கிட்டு வரீங்க? கிளட்ச்ல இருந்து காலை எடுங்க, அதுக்கும் வலிக்கும்ல!” அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தை என் பக்கம் திரும்பினார். “நீ பேசலைன்னா பரவாயில்ல கண்ணு. எனக்கு வாய் ரெண்டு பேருக்கானது.”

கணவர் இறந்த பிறகு அத்தை தன் அண்ணனோடு இருந்தார். எங்களுக்கு அவர் பெரியப்பா. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். “கொஞ்சம் மறதிக்காரர்” என்று மட்டும் அத்தை சொன்னார். பெரியப்பா எங்களிடம் ஒரு நாளைக்குப் பத்து தடவை “நீங்க யாரு?” என்று கேட்பார். நாங்களும் பத்து தடவை சொல்வோம். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சந்தோஷப்படுவார்.

வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் தெருமுனை வரை கேட்கும்படி கிரீச்சிட்டது. உடனே அத்தை அடுப்படியிலிருந்து ஒரு குரல் கொடுப்பார். இரண்டாம் நாள் நான் காதைப் பொத்திக்கொண்டதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார், “இந்தக் கதவு என் மாமியார் மாதிரி. யார் வந்தாலும் போனாலும் ஒரு பாட்டு பாடாம விடாது. அவங்களாவது போய்ச் சேர்ந்தாங்க, இது போற மாதிரி தெரியல.”

மூன்றாம் நாள் மத்தியானம் அத்தை வகுப்புக்குப் போயிருந்தார். பெரியப்பா தூங்கினார். நான் அப்பாவின் பெட்டியிலிருந்து நீள மூக்கு எண்ணெய் டப்பாவை எடுத்து, மூன்று கீலுக்கும் மெஷின் எண்ணெய் விட்டேன். வழிந்ததைத் துணியால் துடைத்தேன். கதவைப் பத்து தடவை ஆட்டிப் பார்த்தேன். வெண்ணெயில் கத்தி போவது போலப் போனது. எனக்கு ஒரே பெருமை. அன்று மாலை சாமான் ஏற்றுவதற்காகக் கதவு திறந்தே கிடந்தது. இரவில் அம்மா அதைச் சாத்தித் தாழ் போட்டார். காலையிலும் அம்மாதான் திறந்தார், கிளம்பும் அவசரத்தில் சத்தம் வராததை யாரும் கவனிக்கவில்லை. ஏழு மணிக்குக் கிளம்பினோம்.

“எப்பப் போனாரு? எப்படிக்கா?” அப்பா போனில் கேட்டுக்கொண்டே வேனைத் திருப்பினார்.

“நான் அடுப்படியில இருந்தேன். கதவு சத்தம் போட்டா ஓடிப் போய்ப் பிடிச்சுக்குவேன். எட்டு வருஷமா அப்படித்தான். இன்னிக்குச் சத்தம் வரல.”

அப்பா போனை அணைத்துவிட்டு என்னைக் கண்ணாடியில் பார்த்தார். நான் டப்பாவை எடுத்தது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். “நீ வாயைத் திறக்காதே” என்றார். “நான் விட்டதா இருக்கட்டும்.”

என் காதுக்குள் எதுவோ அடைத்துக்கொண்டது. அம்மா பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. பத்து தடவை கதவை ஆட்டிப் பார்த்த என் கை மடியில் கிடந்தது. அது வேறு யாருடைய கையோ போல இருந்தது.

பாதி வழியில் மறுபடி போன். பெரியப்பா கிடைத்துவிட்டார். கடிதம் கொடுத்த பழைய தெருக்களைத் தேடிப் போயிருக்கிறார். அவர் வேலையில் இருந்தபோது அந்த இடத்தில் பைபாஸ் சாலை கிடையாது. லாரி இடித்துவிட்டது. உயிர் இருக்கிறது.

ஆஸ்பத்திரி நடையில் அத்தை டிரைவிங் ஸ்கூல் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். வலது கைப்பக்கம் ரத்தம் காய்ந்திருந்தது. அப்பா அவர் காலடியில் குந்தினார்.

“அக்கா, எல்லாம் என் தப்பு. நல்லது செய்யறதா நினைச்சு…”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? பகல்ல பூட்டி வச்சா கதவுல தலையை முட்டிக்குவாரு. அதான் திறந்தே விடுறது. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்.” அத்தை மூக்கை உறிஞ்சினார். “சொன்னா யாரும் தங்க வரமாட்டாங்க தம்பி. வீட்டுக்கு ஆள் வந்தா அவர் எவ்வளவு நல்லா இருப்பாரு, பார்த்தீங்கல்ல?”

நர்ஸ் கூப்பிட்டார். எல்லாரும் உள்ளே போனோம். தலையில் கட்டு, இடுப்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டு. அத்தை குனிந்து, “அண்ணா” என்றார்.

பெரியப்பா கண்ணைத் திறந்து அத்தையை மரியாதையாகப் பார்த்தார்.

“உங்க வீட்டு நம்பர் என்னம்மா?”

மூன்று நாளும் எங்களை யார் யார் என்று கேட்டவர், அத்தையை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அத்தை கட்டில் கம்பியைப் பிடித்தார். “பதினேழு” என்றார்.

“பதினேழுக்கு இன்னிக்குக் கடிதம் இல்லம்மா.” கண்ணை மூடிக்கொண்டார்.

நடைக்கு வந்ததும் அப்பா மறுபடி ஆரம்பித்தார். “நான் அந்த எண்ணெய் டப்பாவைத் தொடாம இருந்திருந்தா…” அத்தை அவர் தோளில் கை வைத்து ஆறுதல் சொல்லப் போனார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

“அப்பா இல்ல அத்தை. நான்தான். உங்களுக்கு அந்தச் சத்தம் பிடிக்கலைன்னு நினைச்சேன்.”

அந்த வீட்டுக்குப் போனதிலிருந்து நான் அத்தையிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அத்தை என்னைப் பார்த்தார். மருந்து வாங்கி வருவதாகச் சொல்லி அப்பா கையில் வைத்திருந்த மருந்துச் சீட்டை, அவர் விரலிலிருந்து அத்தை மெதுவாக உருவி எடுத்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எனக்கும் சுவருக்கும் நடுவில் ஒதுங்கி நடந்து, படியில் இறங்கிப் போனார்.