குறுக்கே போகிறவர்கள்

மூன்றாவது சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் மைத்துனனின் தொப்பியையும் கவிழ்த்துக்கொண்டு, நான் நெடுஞ்சாலையை மறுபடியும் தாண்டப் போனபோது, பூவம்மாள் நடுத்திட்டில் மீன் அன்னக்கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா கேன்டீன் சார், காத்தால பச்ச சட்ட. அப்பால கோடு போட்டது. இப்போ ஊதா. ஊட்டுல எதுனா கல்யாணமா?"

"மெதுவா பேசு பூவம்மா. கேமரா பாக்குது."

"பாக்கத்தான மாட்டிக்கீறான். அதுக்குக் காது கீதா இன்னா?"

அவளோடு நின்று பேச எனக்கு நேரமில்லை. தாண்டியாக வேண்டும், தாண்டிவிட்டுத் திரும்பியாக வேண்டும், வீட்டுக்குப் போய் அடுத்த சட்டையைத் தேடியாக வேண்டும். என் மனைவி துர்காதேவியின் அண்ணன் மழைக்கோட்டு ஒன்றை எங்கள் வீட்டில் மறந்து விட்டுப் போயிருந்தான். சித்திரை வெயிலில் மழைக்கோட்டு போட்டால் கேமராவுக்குச் சந்தேகம் வருமா என்பதுதான் அப்போது என் மண்டையைக் குடைந்த ஒரே கேள்வி.

எங்கள் நகர் புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து கொஞ்சம் வடக்கே, கும்மிடிப்பூண்டி போகிற வழியில் இருக்கிறது. மேற்கே வீடுகள், ரேஷன் கடை, கம்பெனி ஆட்கள் தங்கும் லைன் வீடுகள். கிழக்கே பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடம், பழவேற்காட்டுப் பக்கமிருந்து வரும் ஷேர் ஆட்டோ. நடுவில் கல்கத்தா நெடுஞ்சாலை. துறைமுகத்தில் இறங்குகிற சரக்கில் பாதி எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறது. பெரிய கன்டெய்னர் லாரி ஒன்று போனால் அடுப்பில் இருக்கும் தோசை தானாகத் திரும்பிக்கொள்ளும். துர்காதேவி தோசைத் திருப்பியைத் தொட்டே பல வருடமாகிறது. இந்தச் சாலையின் நடுத்திட்டில் எங்கள் நகருக்கு நேரே ஓர் இடைவெளி. ஊர் மொத்தமும் அந்த வழியாகத்தான் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறது.

அதை மூடப்போகிறார்கள் என்று முதலில் பேச்சு வந்தது. பிறகு அளவெடுக்க ஆள் வந்தார்கள். சாலையை இன்னும் அகலமாக்குகிறார்களாம், வரைபடம் எப்போதோ தயாராகிவிட்டதாம். எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிராம சபையில் கத்தினோம், மனு கொடுத்தோம், மனு கொடுத்ததற்கு மனு கொடுத்தோம். எங்களையும் கேளுங்கள் என்பதைத் தவிர அந்த மனுக்களில் வேறொன்றும் இல்லை. கடைசியில் ஒரு நாள் ஒரு வேன் வந்தது. இரண்டு பையன்கள் இறங்கிக் கம்பத்தில் ஒரு கேமராவைக் கட்டினார்கள். "எத்தனை பேர் தாண்டறாங்கன்னு எண்ணப்போகுது சார். அத வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க" என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போனான்.

இதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. கம்பெனி கேன்டீனில் தலைநரைத்தவன் நான். முந்நூறு பேர் ஷிஃப்ட்டுக்கு வருகிறார்கள் என்று ஆபீஸ் சொன்னால் அறுநூறு பேருக்கு உலை வைக்கச் சொல்வேன். கேட்டதில் பாதிதான் கிடைக்கும் என்பதால் எதையும் இரண்டு மடங்காகக் கேட்டே பழகிவிட்டேன். சாம்பார் எப்போதும் போதும் போதும் என்று மிஞ்சியது. ரிட்டையர் ஆன பிறகும் அந்தக் கை அடங்கவில்லை.

டீக்கடை குப்புராஜிடம் போய் உட்கார்ந்தேன். அரை டீ முடிவதற்குள் திட்டம் முழுசாகிவிட்டது. மூன்று நாள் கேமரா இருக்கும். மூன்று நாளும் ஊர் நடக்க வேண்டும்.

"நைனா, ஆடு போனா கணக்குல வருமா?" என்றான் குப்புராஜ்.

"பின்னங்கால்ல நிமித்தி நடக்க உட்டா வரும்."

அதற்கப்புறம் நடந்ததை நீங்கள் நம்ப வேண்டும். தேர்த் திருவிழாவில்கூட அவ்வளவு கூட்டம் பார்த்ததில்லை. லைன் வீட்டுப் பிகார் பையன்கள் ஷிஃப்ட் முடிந்து வந்து, ஒரு டீக்கு ஒரு தடவை என்று போய்வந்தார்கள். மகளிர் குழுவினர் கோஷம் போடாமல் ஊர்வலம் போனார்கள். இடுப்புவலி என்று வருடக்கணக்கில் வாசலைத் தாண்டாதவர்களெல்லாம் சாலையைத் தாண்டினார்கள். இருபது பேர் சேர்ந்து இறங்கினால் லாரி நிற்கிறது என்பதையே அப்போதுதான் கண்டுபிடித்தோம். ஒரு டிரெய்லர் டிரைவர் சாமி ஊர்வலம் என்று நினைத்து வண்டியை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். நான் அவனுக்குக் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தேன்.

"நாப்பது வருசத்துல இவரு இவ்ளோ நடந்து நான் பாத்ததே இல்ல. கண்டிப்பா சுகரு இந்நேரம் எறங்கியிருக்கும்" என்று துர்காதேவி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூவம்மாளுக்கு மட்டும் இந்தக் கூத்து பிடிக்கவில்லை. ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து விடியும்போதே ஷேர் ஆட்டோவில் வந்து கிழக்கே இறங்குவாள். இறாலும் மடவையும் நண்டும் கூடையில் இருக்கும். வாங்குகிறவர்கள் எல்லாம் மேற்கே. கூடையைத் தலையில் வைத்து அந்த இடைவெளி வழியாக வந்தால்தான் அவளுக்கு அன்றைய பிழைப்பு. அதை மூடினால் புதுவாயல் கூட்டுரோடு வரை போய்ச் சுற்றிவர வேண்டும். அதற்குள் வெயில் ஏறும், ஐஸ் கரையும், மடவை கண் வெளுக்கும். கூட்டுரோட்டிலேயே உட்காரலாமே என்றால் அங்கே ஏற்கெனவே ஆளாளுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள், புதுக் கூடையை வைக்க விடமாட்டார்கள். மருமகன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. மகளும் இரண்டு பேத்திகளும் இந்தக் கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"உனுக்குத்தான் பூவம்மா இவ்ளோ பாடுபடறோம்" என்றேன்.

"எனுக்கா? காத்தாலேர்ந்து நடுவுல நின்னுக்கினு கீறேன். உங்க கும்பல் போவ வர, போவ வர, எனுக்குத்தான் வழி இல்ல. நெசமா தாண்டறவ நான் ஒருத்தி. என்னிய உட்டுட்டு ஊரே தாண்டுதே."

மூன்றாம் நாள் வேன் வந்து கேமராவைக் கழற்றிக்கொண்டு போனது. அன்றிரவு எனக்குக் கால் இரண்டும் யானைக்கால் போல வீங்கிவிட்டது. மனசு பறந்தது.

அடுத்த வாரம் கருத்துக் கேட்புக் கூட்டம். கூட்டுரோட்டுக் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். முந்தைய நாள் முகூர்த்தத்தின் தெர்மோகோல் எழுத்துகளை மேடையிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. அந்த மணமக்கள் பெயர்களுக்குக் கீழே சர்வே கம்பெனி எஞ்சினியர் ஹெலன் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். தூக்கமில்லாத கண்கள். மைக் அவள் பக்கமே இருந்தது, அதன் ஒயர் எங்கள் வரைக்கும் வராது என்பதை முதல் வரிசையில் உட்கார்ந்த உடனேயே அளந்துவிட்டேன்.

அவள் எண்ணிக்கையைப் படித்தாள். மண்டபம் கைதட்டி விசிலடித்தது. சென்ட்ரல் ஸ்டேஷனில்கூட அவ்வளவு பேர் தாண்டமாட்டார்கள். நான் எழுந்து நின்று நான்கு திசைக்கும் கும்பிடு போட்டேன்.

"இவ்வளவு பேர் இங்க தாண்டறாங்கன்னா இது ரொம்ப ஆபத்தான இடம்" என்று ஹெலன் தொடர்ந்தாள். "விதிப்படி இத உடனே மூடணும். நடை மேம்பாலத்துக்கு எழுதுவாங்க. அது வர வருசமாகும்."

கைதட்டல் நின்றது. குப்புராஜ் என்னைப் பார்த்தான். அவனைத் தொடர்ந்து மண்டபமே என்னைப் பார்த்தது.

"கம்மியா இருந்தா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

"ரொம்பக் கம்மின்னா தேவையே இல்லன்னு மூடிடுவாங்க."

"அப்ப எப்பதாம்மா தொறந்து வைப்பீங்க?"

"நடுவுல ஒரு அளவு இருக்கு. அதுக்குள்ள வந்தா சிக்னல் போட்டு, வேகத்தடை போட்டு, தாண்ட விடலாம்."

அப்போதுதான் பூவம்மாள் எழுந்தாள். அவளுக்கு மைக் எதற்கு? ஏரியில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைப் படகைக் கூப்பிடுகிற தொண்டை.

"ஏம்மா! உன் பொட்டியத் தொறந்து நல்லாப் பாரு. பச்ச சட்ட, கோடு போட்டது, ஊதா, மழக்கோட்டு, அல்லாம் ஒரே ஆளு. இதோ குந்திக்கினு கீறாரே, இந்த ஆளுதான் பாதி ஜனம்!"

மண்டபத்தின் கூரை சிரிப்பில் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். ஹெலனும் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மழைக்கோட்டு மேல எனக்கும் சந்தேகம் இருந்துச்சு சார். சரி, நிஜமா எத்தனை பேர் தாண்டறாங்க? ஒரு சாதாரண நாள்ல?"

வாயைத் திறந்தேன். என்னிடம் ஐநூறு இருந்தது, ஐயாயிரம் இருந்தது, லட்சமும் இருந்தது. அவள் கேட்ட எண் மட்டும் என்னிடம் இல்லை. இத்தனை வருடம் அந்த வழியாகப் போய்வந்தவன், ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. திரும்பிக் குப்புராஜைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான். ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கூட்டம் கலைந்தபோது ஹெலன் மேடையிலிருந்து இறங்கி வந்தாள்.

"கேமரா அடுத்த ஊருக்குப் போயிடுச்சு சார். மறுபடி கட்ட அனுமதி கிடைக்காது. திங்கட்கிழமை என் ரிப்போர்ட் போகுது. அதுக்குள்ள நீங்க ஒரு நாள் முழுக்க எண்ணிக் குடுங்க. நீங்க கும்பலா நடக்காத நேரமும் வீடியோவுல இருக்கு, அதோட ஒத்துப் பாப்பேன். பொருந்துச்சுன்னா உங்க கணக்க வச்சே எழுதறேன்."

"எத்தனைக்கும் எத்தனைக்கும் நடுவுல வரணும்மா?"

"அதச் சொன்னா நீங்க எண்ண மாட்டீங்க சார்."

நியாயம்தான். எனக்கே என்மேல் நம்பிக்கையில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் நடுத்திட்டில் போய் உட்கார்ந்தேன். சாலை போட மிச்சமிருந்த ஜல்லியை ஒரு குவியலாக வைத்துக்கொண்டேன். ஒரு ஆள் தாண்டினால் ஒரு கல் இடமிருந்து வலம். ஊரில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்: வேலை இருந்தால் மட்டும் வா, இல்லையென்றால் வீட்டில் கிட. பூவம்மாள் பாதிக் கூடையை விற்றுவிட்டு வந்து, மீதியோடு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மீன் விற்க இல்லை, என்னைக் காவல் காக்க.

சும்மா உட்கார்ந்து உண்மையை எண்ணுவது எவ்வளவு பேஜாரான வேலை என்று எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. இரண்டு பக்கமும் லாரி காற்று அறைகிறது. புழுதி பல்லில் நறநறக்கிறது. கால் தானாக ஆடுகிறது. கம்பெனி வேனைப் பிடிக்கப் பெண்கள் போனார்கள், கல் நகர்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள், கல் நகர்ந்தது. அப்புறம் நீண்ட நேரம் ஒருவரும் இல்லை. வலப்பக்கக் குவியலைப் பார்த்தேன். இவ்வளவுதானா எங்கள் ஊர்? இதற்கா இத்தனை மனு? இது போதாதோ. கொஞ்சம் கூட்டினால்? கூட்டினால் அதிகமாகிவிடுமோ. எந்தப் பக்கம் தள்ளினால் விழும் என்றே தெரியாத தராசு. என் கை தானாக இடப்பக்கம் போனது. பூவம்மாள் மீன் செதில் ஒட்டிய கையால் என் மணிக்கட்டில் ஓர் அடி வைத்தாள்.

"எடு கைய."

"கொசு, பூவம்மா."

"ரோட்டு நடுவுல ஏது கொசு? சும்மாக் குந்து சார்."

வெயில் ஏறியது. அவளும் என்னைப் போலவே அந்தக் குவியலைப் பார்ப்பதும் வேறு பக்கம் திரும்புவதுமாக இருந்தாள். அவளும் பயப்படுகிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு சட்டென்று என் முழங்கையை இடித்தாள்.

"சார், அங்க பாரு. அந்தப் பொம்பளைய எண்ணினியா?"

கிழக்கு ஓரத்தில் ஒருத்தி நின்றாள். எங்கள் ஊர்க்காரி இல்லை. இடுப்பில் குழந்தை, கையில் துணிப்பை. ஒரு காலைச் சாலையில் வைத்தாள். டேங்கர் ஒன்று அலறிக்கொண்டு போனது. காலை எடுத்துக்கொண்டாள்.

"அவ இன்னும் தாண்டல."

"அப்பவே புடிச்சிப் பாத்துக்கினு கீறேன். வந்தா, நின்னா, திரும்பிப் போனா. மறுபடியும் வந்தா. இவ மட்டும் இல்ல, காத்தால ஒரு கெழவரு அப்படித்தான் வந்துட்டுப் போனாரு. நீ கல்லையே பாத்துக்கினு இருந்த."

"தாண்டினாத்தான் கல்லு. ஹெலன் அப்படித்தான சொல்லிச்சு?"

"தாண்டத்தான வந்தா?"

"வந்தா சரி. தாண்டலியே."

"அப்ப தாண்ட முடியாதவங்கள யாரு எண்றது?"

பதிலுக்கு நான் எதையாவது அவிழ்த்துவிட்டிருப்பேன், என்னிடம் அதற்கா பஞ்சம்? ஆனால் கையில் ஏற்கெனவே ஒரு கல்லை எடுத்துவிட்டிருந்தேன். எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. இடப்பக்கம் வைத்தால் அவள் வரவே இல்லை. வலப்பக்கம் வைத்தால் அவள் தாண்டிவிட்டாள். இரண்டும் பொய்.

பூவம்மாள் எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு திட்டின் விளிம்புக்குப் போனாள். கையை உயரத் தூக்கி, "இரும்மா, இரு, இப்போ வராத" என்று ஏரித் தொண்டையில் கத்தினாள். வரிசையாக வந்த மூன்று டிரெய்லர்கள் அந்தக் குரலைத் துண்டுதுண்டாக வெட்டிக்கொண்டு போயின. சக்கரங்களுக்கு நடுவே அந்தப் பெண் தெரிந்தாள், மறைந்தாள், தெரிந்தாள். அவள் ஒரு காலை மறுபடியும் சாலையில் வைத்திருந்தாள். என் உள்ளங்கையில் கல் வியர்த்துக்கொண்டிருந்தது.